அவன்தான் இவனா?

…அதைத்தான் நானும் சொல்கிறேன். அந்தக் கடைசி வீட்டுக்காரி காலையிலிருந்து பேரனைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்துவிட்டாள். "எங்க ஊட்டுக்காரரே திரும்பி வந்துட்டாரு பாரு, அதே மூக்கு, அதே முழி" என்று ஒரே கொண்டாட்டம். அந்த மனுஷன் போய்ச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. உயிரோடு இருந்தவரைக்கும் அவர் மூக்கைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. குழந்தை முகத்தில் வந்ததும் அழகான மூக்காகிவிட்டது! சிரிக்காதே அம்மா, நீ சிரித்தால் எனக்கும் அடக்க முடியாது, அவள் காதில் விழுந்துவிடும்.

சிரிக்கிறேனே தவிர அவளை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள்தான். செத்துப்போன தலைச்சன்தான் திரும்பி வந்திருக்கிறானா, இவன் வேறு ஒருவனா என்று தெரியாமல் ஏழெட்டு மாதம் தவித்தேன். இந்தக் கதையை உனக்குச் சொன்னதில்லை. நீ குடிவந்தே இரண்டு மழைக்காலம்தானே ஆகிறது.

அப்போது இங்கே கம்பெனி ஒன்றும் கிடையாது. கும்மிடிப்பூண்டி என்றால் ஸ்டேஷன், நாலு கடை, ஒரு புளியமரம், அவ்வளவுதான். இதோ இப்போது இரும்பு உருக்குகிறார்களே, அந்த இடமெல்லாம் கழனியும் கள்ளிப்புதரும். நடவு, களையெடுப்பு என்றால் பொன்னேரி வரைக்கும் நடந்தே போவோம். என் வீட்டுக்காரர் ஏர் ஓட்டுவார், கிணறு வெட்டுவார், கூப்பிட்ட வேலைக்கெல்லாம் போவார். கம்பெனிச் சட்டை போட்டதெல்லாம் ரொம்பப் பிற்பாடு. முதல்நாள் அந்தக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது யாரோ போலீஸ்காரர் என்று நான் உள்ளே ஓடிப்போனேன். அது வேறு கதை.

எங்கள் வீட்டில் என் மாமனார் காலத்தில்தான் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தார்கள். என் மாமியார், அதாவது அத்தை, கல்யாணமாகி வந்த பிறகு ஞானஸ்நானம் வாங்கினவள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் வரிசையில் அத்தைதான் உட்கார்ந்திருப்பாள். திங்கட்கிழமை உப்பும் மிளகாயும் எடுத்துத் தெருமண் சேர்த்து எல்லோருக்கும் சுற்றிப் போடுபவளும் அவள்தான். கேட்டால், "அது ஆண்டவருக்கு, இது கண்ணுக்கு" என்பாள். இரண்டும் அவளுக்கு ஒன்றோடொன்று முட்டவே முட்டாது.

எனக்குத் தலைச்சன் பிறந்தது அடைமழை மாதம். ஆண் பிள்ளை. எங்கள் கோயிலுக்குப் பாதிரியார், நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம், திருவள்ளூரிலிருந்து வரவேண்டும். பட்டணம் போய் வண்டி மாறி, பொன்னேரியில் இறங்கி, வழியில் உள்ள ஊர்களையும் பார்த்துக்கொண்டு அங்கிருந்து சைக்கிளில் வருவார். மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அந்த மாதம் ஆரணியாறு இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு போயிற்று. ஐயரால் வர முடியவில்லை. அடுத்த மாதம் ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். பிள்ளைக்கு என் மாமனார் பேரை வைப்பதென்று முடிவு செய்திருந்தோம். ஆனால் ஐயர் தண்ணீர் ஊற்றிச் சொல்கிறவரைக்கும் அந்தப் பேரை யாரும் வாயால் சொல்லக் கூடாது என்பது அத்தை போட்ட சட்டம். அதனால் "சின்னது, சின்னது" என்றே கூப்பிட்டோம்.

இருபத்தாறாம் நாள் காய்ச்சல் கண்டது. மறுநாள் பிள்ளை போய்விட்டது.

அத்தை தினமும் குளிப்பாட்டிக் கன்னத்தில் ஒன்றும் இடது உள்ளங்காலில் ஒன்றுமாக மை வைப்பாள். அன்றைக்கும் குளிப்பாட்டினாள், அன்றைக்கும் மை வைத்தாள். கை பழக்கத்தில் வைத்துவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் இரட்டைப் பனை இருந்தது. அதன் அடியில் வைத்தார்கள். முழங்கை நீளக் குழிதான்.

பிள்ளை போன துக்கம் ஒருபக்கம் இருக்கட்டும். அது எல்லாத் தாய்க்கும் உள்ளதுதான். என்னைத் தின்றது வேறு. தண்ணீர் ஊற்றாத பிள்ளை, பேர் வைக்காத பிள்ளை. ஆண்டவரிடம் போய் நின்றால் யார் என்று சொல்லிக்கொள்ளும்? எங்கே வைத்திருப்பார்? கோயிலில் பாட்டுப் பாடும்போதெல்லாம் இதே நினைப்பு. யாரையும் கேட்கப் பயம். கேட்டு, கெட்ட பதிலாக வந்துவிட்டால்?

ஒன்றரை வருஷம் கழித்து இரண்டாவது பிறந்தான். அவனும் ஆண். மருத்துவச்சி துடைத்து எடுத்து அத்தை கையில் கொடுத்தாள். அத்தை காலைத் தூக்கிப் பார்த்தாள் பார், போட்டாள் ஒரு கூச்சல், தெருவே ஓடிவந்துவிட்டது. இடது உள்ளங்காலில், நட்டநடுவில், மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு மச்சம்.

"வந்துட்டான்டி! நான் வச்ச மை அப்டியே கீது பாரு! மண்ணுல கெடந்தும் அழியல, தண்ணில கெடந்தும் அழியல. என் ராசா, எங்கடா போய்ட்டு வந்த?"

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வயிற்றில் கட்டி வைத்திருந்த கல்லை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. அவன் எங்கேயும் தொலைந்து போகவில்லை, வழி தெரியாமல் நிற்கவில்லை, என்னிடமே வந்துவிட்டான். அவ்வளவு சந்தோஷம்.

வந்தவன் மறுபடி போய்விடக் கூடாதே என்று அத்தை உடனே அடுத்த வேலையில் இறங்கினாள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி பழவேற்காட்டு ஏரிக்கரைப் பெண். அவள் சாமி வேறு, எங்கள் சாமி வேறு, மற்றபடி அடுப்பு நெருப்பைக்கூட மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறவர்கள். அத்தை பிள்ளையைப் புழக்கடை வழியாக அவள் கையில் கொடுத்துவிட்டாள். அப்புறம் தெருவாசல் வழியாகப் போய் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து அதே பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்தாள். அதாவது இது நான் பெற்ற பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கினது. எமன் தேடிக்கொண்டு வந்தால், "இங்க அப்படி யாரும் பொறக்கலயே" என்று சொல்லிவிடலாம். அந்தக் காலத்தில் பிள்ளை தங்காத வீடுகளில் செய்கிறதுதான். உன் மாமியாரைக் கேட்டுப் பார், சொல்லுவாள். அந்தத் தவிட்டைப் பக்கத்து வீட்டுக்காரி அன்றைக்கே கன்றுக்குட்டிக்குக் கரைத்து ஊற்றிவிட்டாள்.

நாள் போகப் போக எனக்குள் என்னமோ சரியில்லாமல் போயிற்று. பால் கொடுக்கும்போதெல்லாம் அவன் முகத்தில் பழைய முகத்தைத் தேடுவேன். தலைச்சன் பால் குடித்துக்கொண்டே கண்ணை மூடிவிடுவான். இவன் முழித்து முழித்துப் பார்ப்பான். "ஏன்டா முழிக்கிற, நீ அப்படி இல்லயே" என்று சொல்லியிருக்கிறேன். அவன் தன்பாட்டுக்குச் சிரிப்பான். பனையடிக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். அவன்தான் மடியில் இருக்கிறானே, அங்கே யாரைப் பார்க்க? ஆனால் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வருகிறபோது அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு வருவது எனக்குத் தெரியும். காலில் அந்தச் செம்மண் ஒட்டியிருக்கும்.

பழைய ஐயர் மாற்றலாகிப் போனதிலிருந்து எங்கள் கோயிலுக்கு ஒருவரும் வரவில்லை, பிள்ளைக்கு எட்டாம் மாதம்தான் புது ஐயர் வந்தார். வயசானவர், ஒல்லி, சட்டைப் பையில் இரண்டு கண்ணாடி வைத்திருப்பார். ஒன்றைத் தேடும்போது இன்னொன்று கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று, சனிக்கிழமை மத்தியானமே வீட்டுக்கு வந்து விசாரித்தார்.

"பிள்ளையோட அம்மா யாரு?"

நான் வாயைத் திறந்தேன். அத்தை என் தொடையைக் கிள்ளிவிட்டு முந்திக்கொண்டாள். "இவ பெக்கல ஐயரே. தவிட்டுக்கு வாங்குனது."

ஐயர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். "சுவீகாரமா? அப்படின்னா பெத்த தாய் சம்மதம் வேணுமே. அவங்க எங்க இருக்காங்க?"

"தோ, பக்கத்து ஊட்லதான் கீறா. ஏய்! வாடி இங்க, ஐயரு கூப்புடறாரு!"

பக்கத்து வீட்டுக்காரி இறால் உரித்த கையோடு வந்து நின்றாள்.

"இந்தப் பிள்ளைய நீ பெத்தியாம்மா?"

"ஐயய்யோ, எனக்கே நாலு கீது, பத்தாதா? நான் பெக்கல சாமி. குடுத்தேன்."

"பெக்காத பிள்ளைய எப்படிம்மா குடுப்ப?"

"அவங்க எனக்குக் குடுத்தாங்க. நான் வாங்கிகினு திருப்பிக் குடுத்தேன்."

"உனக்கு யார் குடுத்தாங்க?"

"தோ, இந்தம்மாதான்."

"அப்ப பெத்தது யாரு?"

நாங்கள் மூன்று பேரும் வாயை இறுக்க மூடிக்கொண்டோம். உரக்கச் சொன்னால் எமன் காதில் விழுந்துவிடும் இல்லையா? அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு உள்ளே வந்தார். "இன்னா பேஜாரு இது! பெத்தவ தோ குந்திகினு கீறா, அப்பன் நான்தான். எங்கம்மா எமன ஏமாத்திகினு கீறாங்க, நீங்க நடுவுல வந்து மாட்டிகினீங்க ஐயரே."

ஐயர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் வேட்டியில் கண்ணீர் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்புறம், "எதுக்காக இப்படி?" என்று மெதுவாகக் கேட்டார். அத்தை பிள்ளையின் காலைத் தூக்கி மச்சத்தைக் காட்டினாள். தலைச்சன் கதை முழுவதையும் சொன்னாள். மை வைத்ததையும் சொன்னாள். "இப்ப சொல்லுங்க, இவன் அவன்தானே? படிச்சவங்க நீங்க, இல்லன்னு சொல்லிடுவீங்களா?"

ஐயர் மோர் வாங்கிக் குடித்தார். "இந்தக் கேள்வி இந்த ஊர்ல மட்டும் இல்லம்மா, ஆண்டவரோட சீஷருங்ககிட்டயே இருந்துச்சு. ஒரு பிறவிக் குருடனைப் பார்த்துட்டு, இவன் குருடாப் பிறந்தது இவன் செஞ்ச பாவமா, பெத்தவங்க செஞ்சதான்னு கேட்டாங்க. பிறக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தன் எங்கபோய்ப் பாவம் செய்ய முடியும்? அவங்க மனசுலயும் ஏதோ இருந்திருக்கு."

"நான் சொல்லல?" என்று அத்தை என்னைப் பார்த்தாள்.

"இருங்க. அதுக்கு அப்புறம் முந்நூறு, நானூறு வருஷம் பெரிய பெரிய ஆளுங்க இதையே பேசிட்டிருந்தாங்க. எகிப்து தேசத்துல ஒருத்தர். அவர் என்ன சொன்னார்னா, உடம்பு வர்றதுக்கு முந்தியே எல்லா ஆத்துமாவும் கடவுள்கிட்ட இருந்துச்சு, நெருப்புக்கிட்ட உக்காந்திருக்கிற மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா விலகிப் போனது குளிர்ந்து போச்சு. குளிர்ந்துபோனது உடம்புக்குள்ள வந்துச்சு. இன்னொருத்தர், அதெல்லாம் இல்ல, ஒரு விளக்குலேர்ந்து இன்னொரு விளக்கை ஏத்துற மாதிரி அப்பா அம்மாகிட்டேர்ந்துதான் ஆத்துமாவும் வருதுன்னார். இல்லவே இல்ல, ஒவ்வொண்ணையும் கடவுள் அப்பப்போ புதுசாப் படைக்கிறார்னு வேற சில பேர். ரொம்ப நாள் கழிச்சு மேற்றிராணியாருங்க, அதான் பிஷப்மாருங்க, கூடி, முதல்ல சொன்னது தப்புன்னு தள்ளிட்டாங்க."

அத்தை முகவாயில் கை வைத்துக்கொண்டாள். "கூட்டம் போட்டா முடிவு பண்ணாங்க? நம்ப ஊரு பஞ்சாயத்து மாதிரியா?"

"அப்படித்தான்."

"அதுல புள்ள பெத்தவ யாராச்சும் குந்தியிருந்தாளா?"

"இல்லம்மா. எல்லாரும் ஆம்பளைங்கதான்."

"அப்பவே நெனச்சேன்" என்று அத்தை வெற்றிலையை மடித்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி இறால் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே, "எங்கள்ல இதுக்குக் கூட்டமே போட மாட்டாங்க ஐயரே, போனா வருவாங்க, அவ்ளோதான்" என்றாள்.

எல்லோரும் பேசுகிறார்கள், நான் பிள்ளையின் மச்சத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். நான் அதுவரைக்கும் எந்த ஐயரிடமும் வாயைத் திறந்தவள் இல்லை. எழுத்து ஒன்று தெரியாது, நான் என்ன கேட்பது? ஆனால் அவர் நெருப்பு, விளக்கு என்று சொல்லச் சொல்ல எனக்குப் பனையடிதான் தெரிந்தது. கேட்டுவிட்டேன்.

"ஐயரே, கடசி நாள்ல எல்லாரும் உடம்போட எழுந்துப்பாங்கன்னு கோயில்ல சொல்றீங்களே?"

"ஆமாம்மா."

"அப்ப பனமரத்தாண்ட கீற அந்தச் சின்ன உடம்பும் எழுந்துக்கும்ல?"

"எழுந்திருக்கும்."

"அதோட உயிரு இவனுக்குள்ள வந்துட்டுதுன்னா, அன்னிக்கி அதுக்குள்ள யாரு இருப்பா? ஒரு உயிரு ரெண்டு உடம்புல எப்டி எழுந்துக்கும்? ஒண்ணு எழுந்து வர்றப்ப, இன்னொண்ணு மண்ணுலயே கெடக்குமா?"

ஐயர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அம்மா, ஆத்துமா உடம்பு மாறி உடம்பு போகும்னு சொன்னவங்களைப் பார்த்து அந்தக் காலத்து ஆளுங்களும் இதைக் கேட்டிருக்காங்க. எந்த உடம்பு எழுந்திருக்கும்னு. புஸ்தகம் புஸ்தகமா எழுதினாங்க. நீ மூணு வார்த்தையில கேட்டுட்ட."

"இவளா?" என்றாள் அத்தை. "இவளுக்குக் கைநாட்டே கோணலா வரும்."

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அந்தச் சின்ன உடம்பை யாரும் இல்லாத வீடாக்கிப் பூட்டிவிட்டு, எட்டு மாதம் எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். மடியில் இருக்கிறவனையோ, ஏன் நீ அவன் மாதிரி கண்ணை மூடவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு பிள்ளைக்கும் பாதிப் பாதித் தாயாகத்தான் இருந்தேன் என்று தோன்றியது.

"தண்ணி ஊத்தாத புள்ளையாச்சே ஐயரே" என்று கேட்டேன். இத்தனை நாள் கேட்கப் பயந்தது அதுதான். "ஆண்டவர் சேத்துப்பாரா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "சில பேர் கடுமையா எழுதி வச்சிருக்காங்கம்மா. படிச்சிருக்கேன். என்னால அதை ஒத்துக்க முடியல. எனக்குத் தெரியாதுன்னுதான் உனக்குச் சொல்ல முடியும். ஆனா ஒண்ணு, ஆத்துல வெள்ளம் வந்ததுக்குப் பிள்ளைமேல பழி போடுறவர் இல்ல ஆண்டவர். பழி யார்மேலயாவது போடணும்னா, வராத ஐயர்மேல போடட்டும்."

அன்றைக்கு வராதவர் பழைய ஐயர். இவர் வேறு. இருந்தாலும் அவர் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

மறுநாள் கோயிலில் ஐயர் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "பேர்?" என்று கேட்டார். அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தாள். மாமனார் பேரைச் சொல்லத்தான். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை, அவன்தானே இவன். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் வேறு ஒரு பேரைச் சொன்னேன். எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்கும் இல்லாத பேர். ராத்திரி என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை, அந்த நிமிஷம்தான் வந்தது. ஐயர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், அந்தப் பேரைச் சொல்லித் தண்ணீரை ஊற்றினார். பிள்ளை ஐயர் அங்கியை நன்றாக நனைத்துவிட்டான். கடைசி வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி வாய்விட்டுச் சிரித்தாள்.

வெளியே வந்ததும் அத்தை பிடித்துக்கொண்டாள். "இன்னாடி பண்ணிட்ட? எங்க வூட்டு ஆம்பள பேர இன்னாத்துக்குடி மாத்துன?"

"அது அவன் பேரு அத்தே" என்றேன். "அவனுக்குன்னு வச்சது. இவனுக்கும் அதையே வச்சிட்டா, நான் அங்க போயி பேரச் சொல்லிக் கூப்புட்டா யாரு வருவா? அவனுக்கு ஒரு பேராச்சும் இருக்கட்டும்."

திட்டப் போகிறாள் என்று நின்றேன். அத்தை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நடந்தாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். இரட்டைப் பனை அடியில் போய் நின்று, பக்கத்துத் தெருவில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, அந்தப் பேரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள். அந்தப் பேரை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

"டேய், கேக்குதா? ஒனக்குத் தம்பி பொறந்துகீறான். அவனுக்கு வேற பேரு வச்சாச்சு. இது ஒன்னுது. எவனுக்கும் குடுக்க மாட்டோம். நான்தான் மொதல்ல வருவேன், வந்து கூப்புடுவேன். வேற யாரு கூப்ட்டாலும் போவாத."

என் வீட்டுக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அழுதேன். பிள்ளை போன நாளில்கூட அப்படி அழவில்லை. இடுப்பில் இருந்தவன் அந்தப் பெரிய கண்ணை முழித்துக்கொண்டு என்னையே பார்த்தான். அன்றைக்குத்தான் நான் அவனை அவனாகப் பார்த்தேன். என்ன அழகான கண் தெரியுமா அவனுக்கு, இப்போது கண்ணாடி போட்டுக் கெடுத்துக்கொண்டு…

ஐயோ, என்ன இது தீய்ந்த வாசனை? சோறு! உலை வைத்துவிட்டு உன்னோடு உட்கார்ந்துவிட்டேனே. எழுந்திரு, எழுந்திரு, அந்தக் கைத்துணியை இப்படிக் கொடு, பானையை இறக்க வேண்டும், மருமகள் வந்தால்…